கயிறு இழுத்தும் எழும்பாத எஞ்சின்



அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்க்கும் சகோதரர் ஒருவர் எழுதிய கடிதம் என் மேஜைமேல் பல நாள் கிடந்தது. குடும்பத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதப்படும் கடிதங்களுக்கு மறுமொழி சொல்லிப் பழகிய கை, இதற்கு மட்டும் தயங்கியது. அவர் கேட்டது ஓர் எஞ்சினைப் பற்றி.

அவருடைய சொந்த ஊர் விழிஞ்ஞம். தகப்பனார் நாற்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போனவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வள்ளத்திலிருக்கும்போதே அவருக்கு வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறிற்று. உடனிருந்த இளையமகன் எப்படியோ கரைசேர்த்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, தகப்பனாரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்று நிறுத்திய எஞ்சின் பிறகு ஓடவில்லை. வீட்டுப் பின்புறத்துச் சாய்ப்பில் ஒரு மரச்சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்பதே முக்கால், பத்துக் குதிரைச்சக்தி இருக்கும், இரட்டைச் சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுவது. இப்போது தம்பி மறுபடியும் கடலுக்குப் போக விரும்புகிறான். தோள் வீங்கும்வரை கயிறு இழுத்தும் எஞ்சின் எழும்பவில்லை. பழைய இரும்பின் விலைக்கு ஒருவர் கேட்கிறார். “பாஸ்டர் ஐயா, விற்றுவிடலாமா, அல்லது நான் இங்கே கடன்வாங்கிப் பழுதுபார்க்கப் பணம் அனுப்பலாமா?” இதுவே கேள்வி.

பட்டணத்திலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிற நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்திருக்கும். ஒருவருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார். இன்னொருவருக்கு உழவு இயந்திரம். பொருள் அங்கே இருக்கிறது, பணம் இங்கே இருக்கிறது, உண்மை நிலவரம் நடுவில் தொலைபேசியில் மாட்டிக்கொள்கிறது. நான் எஞ்சின் அறிந்தவன் அல்லேன். ஆகையால் திருவனந்தபுரம் போகவேண்டிய காரியம் வந்தபோது, அங்கிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தெற்கே விழிஞ்ஞம் துறைக்கும் போய், முப்பது ஆண்டுகளாக இந்த எஞ்சின்களையே அவிழ்த்துப் பூட்டுகிற ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னவற்றையும், பிறகு நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தக் கடற்கரையில் எஞ்சின் நெடுங்காலப் பொருள் அல்ல. 1953-ல் கொல்லத்தருகே நீண்டகரையில் இந்திய–நார்வே திட்டம் தொடங்கி இயந்திரப் படகுகள் வந்தபோதும், திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள கரைகளில் கட்டுமரமே ஆண்டது. காரணம் அலை. கரையிலேயே உடைந்து விழும் அலைக்குள் கனமான படகை இறக்கவும் ஏற்றவும் இயலாது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கையால் தூக்கிச்செல்லத்தக்க சிறிய வெளிப்புற எஞ்சின்களும், அவற்றைத் தாங்கும் ஒட்டுப்பலகை வள்ளங்களும் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் முதல் அஞ்சுதெங்கு வரை பரவின. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வள்ளம் கட்டும் பட்டறைகளையும் எஞ்சின் பழுதுபார்க்கும் பணிமனைகளையும் நடத்தியது. 1984-ல் தொடங்கிய மத்ஸ்யஃபெட்டும் இதில் இறங்கியது. ஆக, கடிதம் எழுதிய சகோதரரின் தகப்பனார், துடுப்பைக் கீழே வைத்துக் கயிற்றைக் கையில் எடுத்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். எழுதிப்படிக்காமல், எஞ்சின் இருமுவதைக் கேட்டே நோயைச் சொல்லக் கற்றவர்கள் அவர்கள். அந்த அறிவு தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போகவேண்டியது. இந்த வீட்டில் அது பாதி வழியில் நின்றுபோயிருக்கிறது என்பது கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

மெக்கானிக்கிடம் நான் கதையைச் சொல்லிமுடிக்குமுன்னே அவர் கேட்டார்: “அன்று அந்தப் பையன் எஞ்சினை எதில் நிறுத்தினான், பெட்ரோலிலா மண்ணெண்ணெயிலா?”

கேள்வியின் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. வாசகர்களில் பலருக்கும் தெரிந்திராது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 பாகைக்கும் கீழான குளிரிலுங்கூட, தீப்பொறி பட்டால் பற்றத்தக்க ஆவியை விடுகிறது. மண்ணெண்ணெய்க்கோ குறைந்தது 35 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். விழிஞ்ஞத்து விடியற்காலையில் கடற்காற்று அதைவிடக் குளிர்ந்தது. குளிர்ந்த சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் ஈரமாய் ஒட்டிக்கொள்ளும், பொறி வந்தாலும் பற்றாது. எனவே இந்த எஞ்சின்களுக்கு இரண்டு எண்ணெய்கள். சிறிய பாத்திரத்தில் பெட்ரோல். பெரிய டேங்கில் மண்ணெண்ணெய். நடுவில் திருப்புகிற ஒரு குழாய்த்திருகு. பெட்ரோலில் எழுப்பி, சில நிமிடம் ஓடி உடம்பு சூடானபின் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். இது யாவருக்கும் தெரியும். கரையை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டருக்குள் இருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தபின்பே நிறுத்தவேண்டும் என்பதுதான் அவசரத்தில் மறக்கப்படுகிறது. மறந்தால் கார்புரேட்டரின் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நிற்கும். மறுநாள் பெட்ரோலுக்குத் திருப்பினாலும், கயிற்றை இழுக்கும்போது முதலில் உள்ளே போவது கிண்ணத்தில் நிற்கும் மண்ணெண்ணெயே. பிளக் நனைந்துபோகும். நனைந்த பிளக்கில் பொறி வராது. இழுப்பவனுடைய தோள்தான் வீங்கும்.

தகப்பனார் நினைவிழக்கும் நேரத்தில் ஒரு பையன் திருகைத் திருப்ப நினைத்திருப்பானா?

இருந்தாலும் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாகாது என்றார் மெக்கானிக். இரண்டு ஆண்டு தொங்கிய எஞ்சினுக்கு நோய் ஒன்றாக இராது. கயிற்றைத் தொடுமுன் கண்ணால் பார்க்கவேண்டியவை சில உண்டு. நிறுத்தும் பொத்தானில் மாட்டுகிற சிவப்புக் கொக்கி அதன் இடத்தில் இருக்கிறதா? அது கழன்றிருந்தால் பொறி வரவே வராது; இதை மறந்துவிட்டு எஞ்சினை முழுவதும் கழற்றிப்போட்டவர்கள் உண்டு என்று சொல்லிச் சிரித்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியிலுள்ள காற்றுத்திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் எண்ணெய் இறங்க இறங்க உள்ளே காற்றில்லாமல் வரத்து நின்றுவிடும். எழும்பிய எஞ்சினும் சிறிது தூரத்தில் அடங்கிவிடும். ரப்பர்க் குழாயின் நடுவே கையால் அமுக்கும் குமிழில் ஓர் அம்பு பொறித்திருக்கும். அது எஞ்சினை நோக்கி இருக்கவேண்டும். அமுக்க அமுக்கக் குமிழ் இறுகவேண்டும். இறுகாமல் தளர்ந்தே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது.

பிறகு பழைய எண்ணெய். இரண்டு ஆண்டு நின்றதை ஒரு துளிகூட உபயோகிக்கக்கூடாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தனியே கோடு கட்டி நிற்கும். ரேஷனில் வரும் மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் இடப்பட்டிருப்பதால் அந்தக் கோடு இன்னும் தெளிவாய்த் தெரியும். பெட்ரோலிலும் இப்போது ஒரு புதிய தொல்லை சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 2025 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? எஞ்சினை எழுப்புவதற்கென்று ஒரு புட்டி பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருப்பது முன்பு நடந்தது. இப்போது அன்றன்று வாங்குவதே நல்லது. பழைய எஞ்சின்களின் ரப்பர்க் குழாய்கள் எத்தனாலுக்கு ஊதி வெடிக்கவுங்கூடும். விரலால் மடக்கிப் பார்த்து விரிசல் கண்டால் மாற்றிவிடவேண்டும். ஆயில் கலப்பதிலும் கவனம் வேண்டும். மோட்டார்சைக்கிளுக்கு விற்கும் இரண்டடி எஞ்சின் ஆயில் வேறு, நீரால் குளிரும் படகு எஞ்சினுக்குரிய டி.சி.-டபிள்யூ3 ஆயில் வேறு. அளவு எஞ்சினோடு வந்த கையேட்டில் இருக்கும். அண்டைவீட்டார் வாயில் இருப்பது வேறு எஞ்சினுக்குரிய அளவாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் பிளக்கைக் கழற்றவேண்டும். மெக்கானிக் பிளக்கைப் படிப்பதை நான் பார்த்தேன். நம்முடைய வைத்தியர் நாக்கை நீட்டச்சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது. பலமுறை இழுத்தபின்னும் பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, பொறியில்லை. அல்லது வருகிற எண்ணெய் பற்றத்தக்கதல்ல. கரி அடர்ந்து பிடித்திருந்தால் பித்தளைத் தூரிகையால் துடைக்கலாம். புதியது வாங்க இயன்றால் அதுவே மேல். பொறியைச் சோதிக்க, பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, உலோகப்பகுதி எஞ்சினின் உடம்பைத் தொடும்படி வைத்து, நிழலில் நின்று கயிற்றை இழுக்கவேண்டும். நீலப் பொறி சட்டென்று தாவினால் நலம். மஞ்சளாய் நலிந்து தெரிந்தால் அல்லது தெரியாமலே போனால், கம்பி இணைப்புகளில் உப்பு பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், காயிலையும் சி.டி.ஐ. பெட்டியையும் குறைசொல்வது அதற்குப் பிறகு. இந்தச் சோதனையை எண்ணெய் சிந்திய இடத்தில் செய்யக்கூடாது. பிளக் துளைக்குப் பக்கத்திலும் பொறியை வைக்கலாகாது. உள்ளிருந்து வரும் ஆவி பற்றி முகத்தைச் சுட்டவர்கள் உண்டு. பீடி பிடித்துக்கொண்டு எஞ்சின் பார்ப்பவரிடம் எஞ்சினைக் கொடுக்கவேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

பொறி நன்றாக இருக்கிறது, எஞ்சின் மட்டும் எழவில்லையென்றால் அவர் செய்யும் ஒரு சோதனை எளியது. ஆயில் கலந்த புதிய பெட்ரோலில் ஒரு சிறு கரண்டியளவு, பிளக் துளைவழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றி, பிளக்குகளை முறுக்கி, கயிற்றை இழுப்பது. இரண்டு மூன்று முறை வெடித்து அடங்கினால் பொறியும் அழுத்தமும் சரியாக இருக்கின்றன. குற்றம் எண்ணெய் வரும் பாதையில். அப்போது கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்து பழையதை வடித்து, உள்ளே பிசின்போல் உறைந்திருக்கும் ஆயிலைக் கழுவி, மெல்லிய ஊசித்துளைகளை ஊதிச் சுத்தம்செய்யவேண்டும். கம்பியைவிட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், ஊதவேண்டும், குத்தலாகாது. எங்கள் சகோதரருடைய எஞ்சினுக்கு மருந்து பெரும்பாலும் இங்கேதான் என்று அவர் பார்க்காமலே சொன்னார்.

ஆனால் கயிறே எதிர்ப்பின்றி வழுவழுவென்று வந்தால் காரியம் வேறு. பிளக் துளையில் பெருவிரலை வைத்து மெல்ல இழுத்தால் விரலைத் தள்ளுகிற அழுத்தம் தெரியவேண்டும். மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கரியை விடுவது. அந்தக் கரியில் பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் ஓடிப்போகும். ஒரு சிலிண்டரில் குறைவென்றால் அவிழ்த்துச் சுத்தம் செய்து ரிங் மாற்றலாம். இரண்டிலும் இல்லையென்றால், அல்லது சிலிண்டர்ச் சுவரில் கீறல் ஓடியிருந்தால், கடன்வாங்கிப் பணம் அனுப்பவேண்டாம். கயிறு அசையவே மறுத்தால் பலத்தால் இழுக்கக்கூடாது; துளைகளில் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும்.

எழும்பினாலும் உடனே மகிழ்ந்து ஓடவிடாதீர்கள். இந்த எஞ்சின் கடல்நீரை உறிஞ்சியே குளிர்கிறது. தரையில் வெறுமனே ஓட்டினால் அதனுள்ளிருக்கும் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, அடிப்பகுதி நன்கு முழுகும்படி ஒரு பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்டவேண்டும். பக்கவாட்டிலுள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் கம்பிபோல் பீச்சினால் குளிர்ச்சி நடக்கிறது. சொட்டினாலோ நின்றாலோ உடனே அணைக்கவேண்டும். இரண்டு ஆண்டு உலர்ந்த ரப்பர் மடிந்தே கிடக்கும். இம்பெல்லரைச் சோதிக்காமல் மாற்றிவிடுவதே சிக்கனம்.

துறையில் இன்னொரு காட்சியும் கண்டேன். அலையில் வள்ளம் கவிழ்ந்து முழுகிய எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். முந்தின நாள் முழுகியதை வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுவந்ததற்காக மெக்கானிக் கோபப்பட்டார். கடல்நீரில் முழுகிய எஞ்சினைக் காயவிடுவதே அதைக் கொல்வது. காற்றுப் பட்டவுடன் உப்பு அரிக்கத்தொடங்கும். நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்குகளை எடுத்துக் கயிற்றை இழுத்து நீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிடவேண்டும். அன்று இயலாவிட்டால், ஓட்டும் வசதி கிடைக்கும்வரை நல்ல தண்ணீருக்குள்ளேயே போட்டுவைப்பது மேல். கேட்பதற்கு விந்தையாயிருக்கும்.

பக்கத்திலுள்ள கோவளத்தில் விடுதித் தோட்டங்களில் வேலைசெய்யும் நம்மவர்கள் சிலர், இதே கேள்வியைப் புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் எண்ணெய், பொறி, அழுத்தம் என்ற இதே வரிசைதான். மழைக்காலம் முழுவதும் டேங்கில் நின்ற பழைய பெட்ரோலும், புல்தூசியால் அடைபட்ட காற்று வடிகட்டியுமே பெரும்பாலும் காரணம். கத்தியில் கைவைக்குமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஓயாத கத்தியால் விரலிழந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி மிச்சம்பிடிக்க நினைக்கவேண்டாம். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். எஞ்சின் எழும்புவது ஒன்று, அதை நம்பி ஒருவன் கடலுக்குப் போவது இன்னொன்று. தோட்டத்தில் நின்றுபோன இயந்திரம் வேலையைத்தான் கெடுக்கும். கரையிலிருந்து பல கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுபோன எஞ்சின் ஆளையே கெடுக்கும். 2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கிப் புயலில் விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் நம் குமரிக் கடற்கரையிலுமிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை என்பதை இங்கே எவரும் மறக்கவில்லை. பழைய எஞ்சினை எழுப்பிய முதல் மாதங்களில் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்ளேயே, துணைக்கு வேறொரு வள்ளம் பக்கத்திலிருக்க ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பதில் மெக்கானிக்குக்கு விட்டுக்கொடுப்பு இல்லை, எனக்கும் இல்லை. துடுப்பும், மாற்று பிளக்கும், பிளக் திருகியும் வள்ளத்திலிருப்பது ஆடம்பரமல்ல.

செலவையும் எண்ணவேண்டும். 2022-ல் கேரளத்தில் மண்ணெண்ணெய் லிட்டர் நூறு ரூபாயைக் கடந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை துறைமுக வாசலில் நடந்த போராட்டத்தின் ஏழு கோரிக்கைகளில் மானிய விலை மண்ணெண்ணெயும் ஒன்று. பெர்மிட் மண்ணெண்ணெய் கிடைக்க, வள்ளத்தையும் எஞ்சினையும் கூட்டுப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும். எஞ்சினின் வயதுக்கும் வரம்பு பார்க்கிறார்கள். ஆகையால் பழுதுபார்க்கப் பணம் அனுப்புமுன் தம்பி மத்ஸ்யபவனில் ஒருமுறை கேட்டுவரட்டும். பெர்மிட் கிடையாதென்றால், எஞ்சின் ஓடினாலும் கணக்கு ஓடாது. கிடைக்குமென்றால், ஜூன், ஜூலை மாதங்களை மனதில் வைக்கவேண்டும். மற்றக் கரைகளில் அலையால் வள்ளம் இறக்கமுடியாத அந்நாட்களில் விழிஞ்ஞம் துறையில் இறக்கலாம்; விசைப்படகுகளுக்கு 52 நாள் தடையும் அப்போதுதான். கணவாயும் நெத்தலியும் வாளையும் வருகிற காலம். 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெரிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு இப்பால் இன்றும் அந்த இரண்டு மாதமே பல வீடுகளின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். முதலில் கார்புரேட்டரைத் திறந்து வடித்துப் பார்க்கட்டும், அதற்குக் கடன் தேவையில்லை என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. என் கடிதத்தைத் தம்பி தகப்பனாரின் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்திருக்கிறான். மண்ணெண்ணெய், பெட்ரோல் என்ற பகுதி வந்ததும் பெரியவர் இடதுகையைத் தூக்கி, இரண்டு விரலால் காற்றில் எதையோ திருப்பிக் காட்டினாராம். மறுபடி மறுபடி காட்டினாராம். இரண்டு ஆண்டுகளாக எஞ்சினைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவர் அப்படிக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று எண்ணிக் குடிக்கக் கொடுத்துவந்தோம் என்று சொல்லி அந்தச் சகோதரர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

கிண்ணத்திலிருந்து வடித்தது நீல மண்ணெண்ணெய்தான். கழுவி, இரண்டு பிளக்கும் மாற்றி, டிரம்மில் இறக்கி இழுத்தபோது ஐந்தாம் இழுப்பில் எழும்பியது. பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சாய்ப்பில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்துத் துளையில் தண்ணீர் வலுவாய் வரவில்லையாம். அவரே கையை அசைத்து அணைக்கச்சொல்லிவிட்டார். இம்பெல்லருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெர்மிட் காரியமாகத் திங்கட்கிழமை மத்ஸ்யபவனுக்குப் போகிறார்கள்.